கெட்டி மரமா, ஒட்டுப்பலகையா: சுருட்டுப் பெட்டி செய்வதற்கு முன்

சுருட்டு வைக்கப் பெட்டி செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் பேசுவது வெளியே என்ன மரம், என்ன பாலிஷ், பூட்டு பித்தளையா என்பதைத்தான். நான் இதுவரை மூன்று ஹியூமிடார், அதாவது ஈரம் காக்கும் சுருட்டுப் பெட்டி, செய்திருக்கிறேன், ஒன்று வீணாகிவிட்டது, இரண்டு இன்றும் நன்றாக இருக்கின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பேச்சைப் பெட்டியின் உள்ளிருந்து தொடங்குங்கள். உள்ளே 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதத்தை மாதக்கணக்கில் பிடித்துவைக்க வேண்டும், வெளியே அறையில் 40 சதவீதம்தான் இருக்கலாம், அதாவது ஒவ்வொரு சுவரும் ஒரு பக்கம் ஈரக்காற்றும் மறுபக்கம் காய்ந்த காற்றுமாக வருஷம் முழுக்க நிற்கப் போகிறது.

முதல் போட்டி பெட்டியின் உடம்புக்கு. கெட்டி மரமா, மேலே வெனீர் என்னும் மெல்லிய மரத்தோல் ஒட்டிய பிளைவுட்டா, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்பா? கெட்டி மரத்தின் அழகுக்கு ஈடில்லை, ஓரத்தில் புறா வால் வடிவப் பற்கள் கோத்த டவ்டெயில் மூட்டு தெரியும்படி போட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் 40 சதவீதக் காற்றில் மரம் தனக்குள் சுமார் 8 சதவீத நீரோடு அடங்கி நிற்கும், 70 சதவீதக் காற்றில் அது சுமார் 13 ஆகும். இந்த வித்தியாசத்துக்கு 25 செ.மீ. அகல வால்நட் பலகை ஒன்று குறுக்குவாட்டில் சுமார் 3 மி.மீ. அகன்றுவிடும், நீளவாட்டில் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது. சுவர்களை நார் கிடைவாட்டில் ஓடும்படி வைத்தால் நான்கும் சேர்ந்தே உயரும், பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் மூடியில்தான். என் முதல் பெட்டியின் மூடி ஒரே வால்நட் பலகை, அடிப்பக்கம் ஈரம் குடித்து அகன்றது, மேல்பக்கம் காய்ந்தே இருந்தது, ஆறு வாரத்தில் முன்பக்க இரண்டு மூலைகளும் மேலே தூக்கிக்கொண்டன. ஒரு தாளை உள்ளே தள்ளினால் தடையில்லாமல் போனது. இழைப்புளி போட்டுச் சரிசெய்தேன், அடுத்த பருவத்தில் எதிர்ப்பக்கம் வளைந்தது.

பிளைவுட் இந்த ஆட்டம் ஆடாது. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் எந்தத் திசையிலும் பெரிதாக விரியாது. எம்.டி.எஃப் இன்னும் தட்டையாக நிற்கும், வெனீர் ஒட்ட அதைவிட நல்ல பரப்பு கிடையாது, ஆனால் ஓரம் நனைந்தால் ஊதிவிடும், திருகாணியையும் சரியாகப் பிடிக்காது. இரண்டிலும் பசை வாடை ஒரு கவலை. அதனால் உள்பக்கம், வெளிப்பக்கம், வெட்டிய ஓரம் என்று எல்லாவற்றுக்கும் இரண்டு கை அரக்கு பாலிஷ் பூசி நன்றாகக் காயவிட்ட பிறகுதான் உள்சுவரை மூடும் உள்பலகையை வைக்க வேண்டும். என் தேர்வு 12 மி.மீ. பிளைவுட் உடம்பு, வெளியே பிடித்த வெனீர், ஓரங்களில் மட்டும் கெட்டி மரப்பட்டை. கெட்டி மரம்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் சுவர்களை அதில் செய்யுங்கள், மூடியை மட்டும் பிளைவுட்டுக்கு விட்டுவிடுங்கள், நல்ல வெனீர் வேலையில் வித்தியாசம் தெரியாது.

அடுத்தது உள்பலகை. ஸ்பானிஷ் சிடார் என்று எல்லோரும் சொல்வது பெயரளவில்தான் சிடார், தாவரவியலில் அது மகோகனியும் நம் வேம்பும் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரத்தை நிதானமாக உறிஞ்சி நிதானமாக விடும், இலேசாக இருக்கும், இதன் வாசனை சுருட்டோடு ஒத்துப்போகும். புழுவை விரட்டும் என்றும் சொல்வார்கள், அதை நம்பி இருந்துவிடாதீர்கள், புகையிலை வண்டைத் தடுப்பது வெப்பநிலைதான், பெட்டி இருக்கும் இடம் 21 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் முட்டை பொரிப்பது அரிது.

இந்த மரத்தின் குறை பிசின். சரியாகச் சூளையில் உலர்த்தாத பலகையாக இருந்தால் பெட்டி செய்து சில மாதம் கழித்துத் துளித்துளியாகப் பிசின் கசியும், சுருட்டின் மேலிலையில் ஒட்டிக் கறையாக்கும். கசிந்தால் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, வாடை முழுக்கப் போகும்வரை மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். இன்னொன்று, லத்தீன் அமெரிக்கக் காடுகளிலிருந்து வரும் இந்த மரம் 2020 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, பெரிய இலை மகோகனி 2003 முதல் இருக்கிறது. எங்கிருந்து வந்த பலகை என்று விற்பவரிடம் கேட்டு வாங்குவது இந்த மரத்துக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

மகோகனிக்கு வாசனை குறைவு, பிசின் தொல்லை இல்லை, சிடார் வாசனை சுருட்டின் சுவையை மறைக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இதுவே சரி. ஒக்குமே என்ற ஆப்பிரிக்க மரமும் அப்படித்தான், இலேசானது, வாசனை இல்லை என்றே சொல்லலாம். மூன்றில் எனக்கு ஸ்பானிஷ் சிடார்தான், ஆனால் நல்ல பலகை கிடைக்காவிட்டால் யோசிக்காமல் மகோகனிக்குப் போய்விடுவேன். ஒன்றை மட்டும் தொடவே கூடாது, துணி அலமாரிகளில் பூச்சிக்கு வைக்கிற சிவப்பு சிடார். அது வேறு இனம், அதன் எண்ணெய் வாசனை சுருட்டுக்குள் இறங்கினால் பிறகு எடுக்க வழியில்லை. எந்த மரத்தின் மேல் சந்தேகம் இருந்தாலும் ஒரு கைப்பிடி சீவலை ஒரு சுருட்டோடு கண்ணாடி ஜாடியில் போட்டு இரண்டு வாரம் மூடிவையுங்கள், பதில் மூக்குக்கே தெரிந்துவிடும். உள்பலகைக்கு எந்தப் பூச்சும் கூடாது, பூசினால் அந்த மரம் இருந்தும் இல்லாததுதான்.

இந்தப் பலகையைப் பசை போட்டு ஒட்டுவதா, சும்மா செருகி வைப்பதா? செருகுவதுதான். ஒட்டினால் அசையாத பிளைவுட் மேல் அசையும் சிடார் மாட்டிக்கொண்டு விரிசல் விடும். 6 மி.மீ. பலகைகளை இறுக்கமாக அளந்து, நீளச் சுவர்களை முதலில் வைத்து, குட்டைச் சுவர்களை நடுவே அழுத்தினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பின்னால் பிசின் கசிந்தாலும் அந்த ஒரு பலகையைக் கழற்றி மாற்றலாம்.

இந்த உள்பலகைதான் வெளிச்சுவரைவிட 6 மி.மீ. உயர்ந்து நின்று மூடிக்குள் நுழைந்து காற்றை அடைக்கும் உதடு. ரப்பர் பட்டை வைத்து அடைக்கும் முறையும் இருக்கிறது, காற்றை இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் சில ரப்பர்கள் வாடை விடும், எனக்கு மர உதடே போதும். இதில் நான் தடுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டு. இரண்டாவது பெட்டியில் உதட்டை மூடிக்குள் கச்சிதமாக இழைத்துப் பொருத்தினேன், கையெடுத்தால் மூடி மெல்ல மிதந்து இறங்கி, கடைசியில் காற்றை வெளியே தள்ளியபடி அமர்ந்தது, அவ்வளவு நிறைவாக இருந்தது. ஈரம் ஏற்றிப் பத்தாவது நாள் பார்த்தால் மூடி அமரவே இல்லை. உதடு பருமனிலும் உயரத்திலும் ஊதியிருந்தது. உலர்ந்த மரத்தில் பொருத்தம் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், உதட்டின் உச்சிக்கும் மூடியின் உட்பக்கத்துக்கும் நடுவே 2 மி.மீ. விடுங்கள்.

மூடியில் கண்ணாடி வைப்பது பற்றிக் கேட்கிறார்கள். வேண்டாம். கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையில் காற்று போகும் ஒரு சந்து கூடுகிறது, வெளிச்சமும் சுருட்டுக்கு நல்லதில்லை. கீலில், திறந்த மூடியைத் தானாகவே நிறுத்திப் பிடிக்கும் குவாட்ரன்ட் கீல் அழகு, ஆனால் அதற்குப் பள்ளம் தோண்டுவதில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் மூடி கோணிக்கொள்ளும், கை பழகாதவர்கள் பின்பக்கம் முழுநீளக் கீல் ஒன்று போட்டுவிடலாம்.

அளவை அதில் வைக்கப்போகும் நீளமான சுருட்டிலிருந்து கணக்கிடுங்கள். டபுள் கரோனா என்ற பெரிய சுருட்டு சுமார் 194 மி.மீ. நீளம், 50 ரிங் (ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு) என்றால் விட்டம் 20 மி.மீ., ஆக உள்ளே 28 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலம், 11 செ.மீ. உயரம் இருந்தால் காற்று ஓட இடம் விட்டு ஐம்பது வசதியாக அடங்கும்.

ஈரம் கொடுப்பதில் பழைய வழி பஞ்சு, அதில் காய்ச்சி வடித்த நீரும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவமும் சரிபாதி. மலிவுதான், ஆனால் அடிக்கடி கவனிக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். இரண்டு வழியும் வேலை செய்கிற உப்புக்கரைசல் பொட்டலம் ஈரம் கூடினால் இழுக்கும், குறைந்தால் விடும், 25 சுருட்டுக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று, காய்ந்து விறைத்தால் மாற்றினால் போதும். நான் 69 சதவீதப் பொட்டலத்தில் நிற்கிறேன், 72 எனக்கு அதிகம், சுருட்டு அடிக்கடி அணைந்துபோகிறது.

ஈரப்பதம் காட்டும் ஈரமானியை நம்புவதற்கு முன் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, களி போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு ஜிப் பையில் அடைத்து ஓரிரவு விட்டால் 75 காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மானியின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் பெட்டியைப் பழக்குவது, அதாவது சுருட்டு வைக்கும் முன் உள்பலகைக்கு ஈரம் ஏற்றுவது. உள்ளே ஈரத்துணியால் துடைப்பது வேகமான வழி, ஆனால் பலகையின் மேல்தோல் மட்டும் நனைந்து கோணும் ஆபத்து உண்டு. 84 சதவீதப் பொட்டலம் வைத்து மூடி 14 நாள் காத்திருப்பது மெதுவான வழி, அதைத்தான் செய்யச் சொல்வேன். அந்த 14 நாள் முடிந்ததும் உதட்டை விரலால் தடவிப் பாருங்கள், எங்கே உரசுகிறதோ அங்கே பளபளப்பான கோடு விழுந்திருக்கும், அந்த இடத்தை மட்டும் 220 உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முதல் சுருட்டை வையுங்கள்.