கோவிந்த ஹெல ஏற்றம்: வழிகாட்டி நல்லம், சோறு மோசம்

கோவிந்த ஹெல மலையில் ஏற விடிய நாலரைக்கு அக்கரைப்பற்றில் வேன். ஆளுக்கு 4500 ரூபாய். போக்குவரத்து, வழிகாட்டி, பகல் சோறு எல்லாம் அதற்குள். நான், அண்ணன் மகன், இன்னும் ஆறு பேர். லாகுகல காட்டுக்குள் யானைக்காக ஒருமுறை வேனை நிறுத்த வேண்டி வந்தது. அதற்குக் காசு கேட்கவில்லை.

சியம்பலாண்டுவவை நெருங்கும்போதே மலை தெரியும். காட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற பெரும்பாறை. வெள்ளைக்காரன் இதற்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்று பெயர் வைத்தான். லண்டனில் ராஜாவுக்கு முடிசூட்டுகிற தேவாலயம். எந்தப் பக்கம் சரிந்து பார்த்தும் எனக்குத் தேவாலயம் தெரியவில்லை, படுத்திருக்கிற நந்திதான் தெரிந்தது. மருமகனுக்கு ஒரு றாத்தல் பாண். எங்கள் மட்டக்களப்புக் குடும்பிமலையும் இப்படித்தானே: நமக்குக் குடும்பி, சிங்களத்தில் தொப்பிகல, இங்கிலீஷில் பாரன்ஸ் கேப்.

வழிகாட்டி அந்த ஊர்ச் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். இறங்கியதும் என் செருப்பைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பையில் இருந்து சணல் கயிறு எடுத்து, காலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் மேலே செங்குத்தான இடத்தில் அந்தக் கயிறுதான் என்னைக் காப்பாற்றியது. முழங்கால் நோவோடு ஏற எனக்கு இரண்டரை மணித்தியாலம். ஒருதரமும் "கெதியா வாங்க" என்று அவர் சொல்லவில்லை.

உச்சியில் அரண்மனையைத் தேடாதீர்கள். மண்ணுக்குள் பாதி புதைந்த செங்கல், அதன் வெடிப்பில் எறும்பு வரிசை, அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்துதான் வழிகாட்டி கதையைத் தொடங்கினார். 1215இல் கலிங்கத்து மாகன் படையெடுத்து வந்தபின், புவனேகபாகு என்ற இளவரசன் இந்தப் பாறையில் கோட்டை கட்டி இருந்ததாகச் சூளவம்சம் என்ற பழைய பாளி வரலாற்று நூல் சொல்கிறது. அதில் மாகன் விகாரைகளை இடித்த கொடியவன். எங்கள் பக்கத்திலோ அவன்தான் மாகோன், கோயிலுக்கும் குடிகளுக்கும் முறை வகுத்தவன். நான் இதைச் சொன்னதும், என்னை டீச்சர் என்று கூப்பிடும் அவர் சிரித்துவிட்டார்.

"அப்ப டீச்சர்ட ஆளுக்குப் பயந்துதான் எங்கட ஆள் இங்க ஏறினது!"

கீழே எட்டிப் பார்த்தேன். நாங்கள் வந்த ஒற்றையடி வழியைத் தவிர, கண்ணுக்கு எட்டியவரை பாறைச் சரிவுதான். மேலே நாலு பேர் கல்லோடு நின்றால் எந்த மாகோனும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இனி முறைப்பாடு. சோத்துப் பார்சல் வேனுக்குள்ளேயே கிடந்து வெந்து, ஒரு மணிக்குப் பிரிக்கும்போது பருப்பு நூல் விட்டது. ஒழுங்கு செய்த பொடியனிடம் சொன்னால் "வெயில் அக்கா, என்ன செய்ய" என்கிறான். காசும் குறைக்கவில்லை. திரும்பும் வழியில் கச்சானும் பிளேன்டீயும்தான் சாப்பாடு.

வழிகாட்டிக்காகத் தாராளமாகப் போகலாம். சோற்றை வீட்டிலிருந்தே கட்டுங்கள், சப்பாத்துப் போடுங்கள். மழை தொடங்கினால் பாறை வழுக்கும், ஐப்பசிக்கு முதலே போய்விடுங்கள்.