வளைஞ்ச சுக்கான் பலகை: வெயிலா, ஆவியா, அறுத்து ஒட்டுறதா, பிளைவுட்டா?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல இருக்க மண்டபம் ஊர்ல சின்ன பாய்மரப் படகு வச்சிருக்கவங்க சுக்கானை, அதான் படகைத் திருப்புற பலகையை, கழட்டி மதுரைக்குக் கொண்டாந்து மொட்டமாடிச் செவுத்துல சாத்தி வச்சா, சித்திரை வெயில்ல பலகை குழிஞ்சு போறது சகஜம். கடக்காத்துல ஈரத்தோட இருந்த மரம், இங்க வெயில் படுற பக்கம் மட்டும் வேகமா காஞ்சு சுருங்குது, அம்புட்டுதான்.

செலவே இல்லாதது வெயில் வைத்தியம். குழிஞ்ச பக்கத்தை ஈரச்சாக்கு மேல கவுத்திப் போட்டு முதுகை வெயில் பாக்க விட்டா, கீழ ஊறும், மேல காயும், பலகை தானா நிமிரும். ஆனா லேசான குழிவுக்குத்தான் இது, பலகை முறுக்கியிருந்தா கேக்காது. நிமிந்ததும் நிழல்ல ரெண்டு பக்கமும் காத்து படுற மாதிரி வச்சு காய விடணும், இல்லேன்னா திரும்பவும் பழைய கதைதான்.

ஆவில வேக வச்சு கிளாம்ப் போடுறது பெரிய வேலை. 1 இஞ்ச் கனத்துக்கு சுமார் 1 மணி நேரம் ஆவி வேணும், கிளாம்ப்பை எடுத்ததும் கொஞ்சம் திரும்பி வரும்ங்கிறதால எதிர்ப்பக்கமா கூடுதலாவே வளைக்கணும். ரொம்ப நாளா காஞ்ச பழைய தேக்கு இதுக்கு சரியா வளைஞ்சு குடுக்காது, ஏற்கனவே எபாக்ஸி பசை போட்டு ஒட்டுன பலகையா இருந்தா சூட்டுல ஒட்டே விட்டுரும். அகலமான சுக்கானுக்கு இது வேணாம்னுதான் சொல்லுவேன்.

எனக்குப் புடிச்சது அறுத்து ஒட்டுறதுதான். பலகையை மர ரேகை ஓடுற நீளவாக்குல ரெண்டு இஞ்ச் பட்டையா அறுத்து, ஒண்ணு விட்டு ஒண்ணைப் புரட்டிப் போட்டு எபாக்ஸில ஒட்டுனா, ஒரு பட்டை மேல வளையப் பாக்குறப்ப பக்கத்துப் பட்டை கீழ வளையப் பாக்கும், மொத்தப் பலகையும் நேரா நிக்கும். ரம்பம் தின்ன அகலத்துக்கு ஒரு பட்டை கூட சேக்கணும். தேக்குல எண்ணெய் இருக்கதால ஒட்டுறதுக்கு முன்னாடி அசிட்டோன் போட்டுத் தொடைக்கச் சொல்லி ஆசாரி அண்ணன்கிட்ட மறக்காம சொல்லிருங்க, கதவு ஜன்னல் வேலைல அவங்களுக்கு அது தேவைப்படுறதில்ல. ஒட்டுனப்பறம் இழைச்சு பழைய வடிவத்தைக் கொண்டாரணும், கூலி அங்கதான் போகும், ஆனா அது கொடுக்கத் தகுந்த காசு.

நேரம் இல்லாதவங்களுக்கு மெரைன் பிளைவுட், அதுக்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 710 பாத்து வாங்குங்க. மெல்லிசு மரத்தாளைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கி ஒட்டியிருக்கதால கோணுறது ரொம்பக் குறைவு. ஆனா அதே காரணத்துனால, அதே கனத்துல நல்ல தேக்கு குடுக்குற விறைப்பு இதுல வராது, ஓரம் வழியா தண்ணியும் குடிக்கும்.

எந்த வழில போனாலும் ரெண்டு முகம், ஓரம், மேல் கீழ் முனை, போல்ட் ஓட்டை வரைக்கும் எபாக்ஸி பூசி மூடிட்டுத்தான் மண்டபத்துக்குக் கொண்டு போகணும். இங்க காஞ்சு நேரா இருக்க பலகை அங்க போனதும் ஒரு பக்கம் மட்டும் ஈரத்தைக் குடிச்சா ஆசாரி வேலை அம்புட்டும் வீண். மேல வெள்ளை பெயிண்ட் அடிங்க, கருப்பு நீலம்லாம் வெயில்ல கொதிச்சு எபாக்ஸியை எளக்கிரும்.

சுக்கான் கைப்பிடி கோணுனா அதை நிமித்த மெனக்கெட வேணாம், மெல்லிசு பட்டையா நாலஞ்சு ஒட்டி புதுசா செஞ்சுக்கலாம்.