மதர்போட்டும் மாறினால் குளோன் வேண்டாம்: ஒன்றரை வருடப் பாவனைக்குப் பின்

டிஸ்க் மட்டும் மாறினால் குளோன் பண்ணலாம், அதாவது பழைய டிஸ்கை விண்டோஸோடு அப்படியே புதியதில் படியெடுக்கலாம். மதர்போட்டும் சேர்ந்து மாறுகிறதென்றால் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, கோப்புகளை மட்டும் கொண்டுபோவதே சரி. கடையில் “அப்படியே குளோன் பண்ணித் தாறம், ஒரு மணித்தியால வேலை” என்பார்கள். சிக்கல் அந்த ஒரு மணித்தியாலத்தில் இல்லை, அதற்குப் பிறகுதான்.

நான் செய்த மாற்றம் இதுதான்: நான்காம் தலைமுறை ஐ5, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் கொண்ட மேசைக்கணினியிலிருந்து பன்னிரண்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், 1 டெராபைட் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு (மதர்போட்டில் நேராகச் சொருகும் வேகமான டிஸ்க்). வேலை, தமிழ் அச்சு வடிவமைப்பும் கணக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. ஒருசிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறைக்குக் கீழுள்ள இன்டெல் சிப்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. கொழும்பில் பல அலுவலக மேசைகள் இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

பழைய டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். புது போட் யூஈஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆக (தொடங்க) ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையைக் கேட்கும். குளோன் பண்ணிய எஸ்எஸ்டியைச் சொருகினால் பூட் டிவைஸ் இல்லை என்று கறுப்புத் திரை வரும். விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கட்டளையால் இதைச் சரிசெய்யலாம். ஆனால் பழைய சிப்செட் டிரைவர்களும் பல வருடக் குப்பையும் கூடவே குடிவந்துவிடும். புதிதாகப் போடும்போது இன்ஸ்டோல் திரையில் எஸ்எஸ்டியே தெரியவில்லையென்றால் டிஸ்க் பழுதென்று கடைக்கு ஓட வேண்டாம். பதினோராம் தலைமுறை முதல் வரும் இன்டெல் கணினிகளில், முக்கியமாக லப்டொப்களில், பயோஸில் (மதர்போட்டின் அமைப்புத் திரையில்) விஎம்டி என்ற இன்டெல் டிஸ்க் நிர்வாக வசதி பலவேளை இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான டிரைவரைப் பென் டிரைவிலிருந்து ஏற்றலாம், அல்லது விஎம்டியை நிறுத்தலாம். நிறுத்துவதானால் விண்டோஸ் போடுவதற்கு முன்பே. பிறகு நிறுத்தினால் நீலத்திரைதான். பழைய கணினியோடு வந்த ஓஈஎம் விண்டோஸ் உரிமம் அந்த மதர்போட்டோடு போய்விடும், தனியாக வாங்கிய ரீட்டெயில் உரிமம் மட்டும் கூட வரும்.

கோப்புகளுக்கு, பழைய டிஸ்கை சாட்டா கேபிளால் புதுக் கணினியிலேயே நேராக மாட்டுங்கள். 400 ஜிபியை வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் எடுத்தால் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும். அதையே யூஎஸ்பி 2 துளையில் 35 எம்பி வேகத்தில் எடுத்தால் மூன்று மணித்தியாலம் தாண்டும். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இரண்டுமே இன்னும் இழுக்கும். பழைய டிஸ்கில் பழுதான செக்டர் (டிஸ்கின் ஒரு சிறு பகுதி) இருந்தால் சாதாரணக் கொப்பி பாதியில் நிற்கும். விண்டோஸிலேயே உள்ள ரோபோகொப்பி கட்டளை நிற்காது, ஆனால் சொல்லாவிட்டால் ஒரே கோப்பை 10 லட்சம் தடவை, ஒவ்வொரு தடவைக்கும் 30 வினாடி காத்திருந்து முயலும்! இரண்டையும் 1 ஆகக் குறைத்துவிடுங்கள். பதிவுக்கோப்பை (எது போனது, எது தவறியது என்ற பட்டியலை) யூனிகோடில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பெயருள்ள கோப்புகளெல்லாம் கேள்விக்குறி வரிசையாகத் தெரியும், எது தவறியதென்று கண்டுபிடிக்க வழியே இராது.

இனி பொன்ட். நம் ஆட்களுக்கு அதிகம் அடி விழுவது இதில்தான். பழைய அழைப்பிதழ், கல்வெட்டு (இறந்தவர் நினைவு மலர்), வினாத்தாள் என்று பாதிக்குமேல் பாமினியில்தான் இருக்கும். பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய பொன்ட். அது இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்த விசைதான். கோப்பு கெட்டுவிட்டதென்று பதறி வேறு பொன்டுக்கு மாற்றிச் சேமித்துவிடாதீர்கள். பழைய டிஸ்கின் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பொன்ட்ஸ் போல்டரோடு, பயனர் பெயரின் கீழ் ஆப்டேட்டாவுக்குள் மறைந்திருக்கும் இன்னொரு பொன்ட்ஸ் போல்டரையும் பாருங்கள். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, சும்மா ‘இன்ஸ்டோல்’ கொடுத்த பொன்ட் அங்கேதான் போகும். புதுக் கணினியில் எல்லாப் பயனர்களுக்கும் என்று தெரிவுசெய்து போடுங்கள். இல்லையென்றால் சில பழைய வடிவமைப்பு மென்பொருள்களின் கண்ணில் அது படாது.

குரோம் போல்டரைக் கொப்பி பண்ணினால் கடவுச்சொற்கள் வராது, அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. கூகுள் கணக்கில் ஒத்திசைத்துவிடுங்கள். அவுட்லுக்கில் மின்னஞ்சல்கள் கணினியிலேயே சேமிக்கப்படும் பிஎஸ்டி கோப்பு முக்கியம். ஓஎஸ்டி சேர்வரில் உள்ளதன் நகல்தான், அதை விட்டுவிடலாம்.

ஒன்றரை வருடத்தில் உண்மையாக உணர்ந்த வித்தியாசம், ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வந்தது. அதற்கு மேல் பெட்டியில் அச்சடித்த 7,000 எம்பி வேகமெல்லாம் இந்த வேலைக்குக் காசு வீண். ஏசி இல்லாத அறையில் எஸ்எஸ்டியின் சூடு கவனிக்க வேண்டியது. அந்தச் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டினால் ஹீட்சிங் இருந்தும் பயனில்லை. பெரிய கொப்பியின் நடுவில் வேகம் படுத்துவிடும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றுக்கு ராமின் தொடுமுனை மங்கும். கணினி எழும்பாவிட்டால் ராமைக் கழற்றி, அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துப் போட்டுப் பாருங்கள்.

பழைய டிஸ்கை உடனே அழிக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் கணக்குப் புரோகிராம் கணக்காண்டு முடியும் மார்ச் 31 நெருங்கும்போதுதான் ஞாபகம் வரும். திகதி எழுதி ஒட்டி, சிலிக்கா ஜெல்லோடு ஓர் உறையில் போட்டு, அந்த மார்ச் தாண்டும்வரை அலுமாரியில் வையுங்கள்.