ஓமவல்லி வைக்கலாமா? ஆறு வருடத் தொட்டிக்காரனின் பதில்

வீட்டில் ஓமவல்லி, அதாவது கற்பூரவல்லி, வைக்கலாமா என்று கோவை நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக மாடியில் குந்தி, செடியைக் கணுக் கணுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டைமாடித் தொட்டிக்கு இது ஆறாவது வருடம். தண்டை ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் தேங்கினால் அழுகும் என்பதெல்லாம் ஊரறிந்தது. என்னிடம் யாரும் சொல்லாமல் விட்டது மாவுப்பூச்சியை. சேலத்து வெயில் ஏறியதும் தொட்டி விளிம்பில் எறும்புச் சாரி தொடங்கும். நாலு நாளில் கணுக்களில் வெள்ளைப் பஞ்சு. பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. வழவழப்பான இலை என்றால் துடைத்துவிடலாம். இதுவோ உடம்பெல்லாம் ரோமம். வேப்பெண்ணெய் தெளித்தால் பூச்சி குறைகிறது, ஆனால் பல நாளைக்கு இலை வேப்பெண்ணெயாகவே மணக்கிறது. தின்பதற்கு வளர்க்கிற செடிக்கு இப்படி ஒரு வைத்தியம்.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மகனுக்கு இருமல். செல்பேசி வெளிச்சத்தில் நல்ல இலையாகத் தேடிப் பறித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மூன்று தண்ணீரில் கழுவி, அனலில் வாட்டிப் பிழிந்து தேன் குழைத்துக்கொண்டு போனால், அவன் தூங்கிவிட்டிருந்தான். சாற்றை நானே குடித்தேன். பழி சொல்லக் கூடாது, தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது. அதற்கு மேல் இதை நம்பியதில்லை. மூச்சு இளைப்பு என்றால் மருத்துவரிடம்தான். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனும் கூடாது.

பஜ்ஜியை ஊரே புகழ்கிறது. எனக்கு அது எண்ணெய் குடித்த கடலைமாவு. என்னை மடக்கியது தட்டுவடை செட், தட்டைகளுக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்த எங்கள் சேலத்துத் தின்பண்டம். பச்சைச் சட்னிக்குப் புதினாவைப் பாதியாகக் குறைத்து, ஏழெட்டு ஓமவல்லி இலையை ஈரம் வற்றும்வரை வதக்கிச் சேர்த்து அரைத்தேன். வதக்காமல் போட்டால் நாக்கில் சுள்ளென்று ஏறும். கேரட், பீட்ரூட் துருவலின் இனிப்புக்கு நடுவே அந்த ஓம வாசனை எழுந்ததும் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. ஓமம் கொத்தமல்லிக் குடும்பம், இது துளசிக் குடும்பம். ஆனாலும் தைமால் என்ற மணப்பொருள் இரண்டிலும் உண்டு. கூட கார்வக்ரால் என்ற இன்னொரு மணப்பொருளும் சேர்ந்து, இலைக்கு இன்னும் காரமான மணம். இப்போது கடையில் தட்டுவடை செட் வாங்கினால் ஏதோ குறைகிறது.

என் தொட்டியிலிருந்து போன தண்டு ஒன்று, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் சித்தி வீட்டு வாசலில் புதராகக் கிடக்கிறது. அங்கே ஒரு பூச்சியைக்கூட நான் பார்த்ததில்லை. "உனக்குக் கைராசி இல்லைப்பா" என்கிறார். அந்தக் குளிரில் உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்லலாம்.

ஆகவே நண்பரே, வேண்டாம். புதினா வையுங்கள். இல்லை, ஓமவல்லிதான் வேண்டுமென்றால் இந்த ஞாயிறே வந்து தண்டு ஒடித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு இந்தத் தொட்டி இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.