மாரியில் மரதன் பயிற்சி: விடியற்காலையா, பின்னேரமா?

சென்னையில் ஜனவரியில் நடக்கும் மரதன் ஓட்டத்தை இலக்காக வைத்து யாழ்ப்பாணத்தில் பயிற்சி எடுப்பவருக்கு, மிகக் கடினமான வாரங்கள் எல்லாம் மாரியில்தான் வந்து விழும். 42.195 கிலோமீற்றர் தூரத்துக்கு உடலைத் தயார்ப்படுத்த 16 தொடக்கம் 18 வாரங்கள் வேண்டும் என்று கொண்டால், புரட்டாதியில் தொடங்கி, ஐப்பசி இடிமழையையும் கார்த்திகை வெள்ளத்தையும் மார்கழிப் பனியையும் தாண்டித்தான் ஓட்ட நாளைச் சென்றடைய முடியும். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் பறக்கத் தொடங்கியதால், கொழும்புக்கு இரவு முழுவதும் பேருந்தில் போவதைவிடச் சென்னைக்குப் போவது எங்களுக்கு இலகுவாகிவிட்டது. அதனால்தான் இந்த ஓட்டத்தைத் தெரிவுசெய்தேன். 2023 மாரியில் அலுவலகம் முடிந்து பின்னேரங்களில் ஓடினேன். 2024 மாரியில் விடியற்காலை 4.15 மணிக்கு ஓடினேன். இரண்டையும் முழுமையாகச் செய்து பார்த்த பிறகு விடியற்காலையின் பக்கம் நிற்கிறேன். அந்த முடிவை எடுக்க வைத்தது எங்கள் வீட்டு அடுப்படி.

எங்கள் வீடு கோண்டாவிலில் இருக்கிறது. மனைவி ஆசிரியை, காலை 7 மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8 வயது. முழங்கால் நோவோடு அம்மாவும் எங்களோடு இருக்கிறார். எனக்குப் பின்னேரம் 4.15க்கு அலுவலகம் முடியும். இந்த அளவு விபரம் போதும். இனிச் சொல்லப்போகும் நேரக்கணக்கு இதிலிருந்துதான் வருகிறது.

காலநிலையை முதலில் முடித்துவிடலாம். ஐப்பசியிலும் கார்த்திகையின் முற்பகுதியிலும் இடியோடு கூடிய மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகே கட்டும். அந்த நாட்களில் பண்ணைப் பாலத்திலோ வல்லை வெளியிலோ மின்னலுக்குக் கீழே தனியாக ஓடுவது உயிரோடு விளையாடுவது. மார்கழியில் நிலைமை மாறி, இரவு முழுவதும் பெய்த மழை விடியும் வரைக்கும் விடாமல் தூறிக்கொண்டிருக்கும். ஆகவே மழை இரு பக்கத்துக்கும் ஏறக்குறையச் சமமாகவே தீங்கு செய்கிறது. வெளிச்சமும் அப்படித்தான்: டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் 6 மணிக்கு முன்னரே மறைந்துவிடும், காலையில் 6.10 அளவில்தான் உதிக்கும். ஈரச் சப்பாத்துக் காயாமல் கிடப்பதும் இரண்டுக்கும் பொதுவான தொல்லை. இரண்டு சோடி வைத்திருந்து, பழைய பத்திரிகைத் தாள்களை உள்ளே திணித்து, மாற்றி மாற்றிப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பின்னேர ஓட்டத்துக்கு உரிய நன்மைகளை மறைக்க விரும்பவில்லை. உடலின் உட்சூடு பிற்பகலில்தான் கூடுதலாக இருக்கும், தசைகள் இளகியிருக்கும், விரைவோட்டப் பயிற்சிகள் அந்த நேரத்தில் நன்றாக அமையும். துரையப்பா விளையாட்டரங்கில் நான் செய்த 800 மீற்றர் ஓட்டங்கள் அனைத்தும் பின்னேரங்களில் ஏழெட்டு விநாடிகள் வேகமாகவே இருந்தன. பண்ணைக் கடற்கரையில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் நிறைந்திருக்கும் நேரம் அது. பேச்சுத் துணை கிடைக்கும். இருட்டில் எழும்பத் தேவையில்லை. ஓட்டத்தை மட்டும் தனியாக எடுத்து நிறுத்தால் பின்னேரம் சற்று மேலானது என்றுகூட ஒத்துக்கொள்வேன்.

ஆனால் எங்கள் வீட்டில் பின்னேரம் 5 மணிக்கும் 6.30க்கும் இடைப்பட்ட ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஈடாக வேறு எந்த நேரமும் இல்லை. மகள் ரியூசனில் இருப்பாள், மகன் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருப்பான், மனைவி பாடசாலைக் களைப்பு நீங்கி சற்று உட்கார்ந்திருப்பாள். இரவுச் சாப்பாட்டை அவசரம் இல்லாமல் வீட்டில் ஆக்கக்கூடிய நேரம் அது ஒன்றுதான். 2023இல் அந்த நேரத்தை நான் வீதிக்குக் கொடுத்துவிட்டேன். 6.30க்கு நனைந்து வந்து, குளித்து, உடை மாற்றி அடுப்படிக்குள் போகும்போது 7 மணி ஆகிவிடும். அப்போது தேங்காய் துருவத் தொடங்கினால் சாப்பிட 8.30 ஆகும், அதற்குள் மகன் பாணும் சீனியும் தின்று படுத்துவிடுவான். அல்லது காலையிலேயே ஒரு முறை சமைத்த மனைவி மறுபடியும் சமைப்பாள். அதுவும் இல்லையென்றால் கடைக் கொத்துரொட்டி வரும். சமையலறை நாட்காட்டியில் மகள் குறித்து வைத்த கணக்கின்படி அந்த ஆண்டு நவம்பரில் மட்டும் 11 இரவுகள் கடைச் சாப்பாடு. நலமாக வாழ்வதற்காக ஓடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளைகளின் இரவு உணவை எண்ணெய்க் கொத்துரொட்டியாக மாற்றியிருந்தேன் என்பதை அந்த நாட்காட்டியைப் பார்த்த அன்றுதான் உணர்ந்தேன். அந்த வருத்தம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

சந்தையும் இதே நேரத்தோடு பிணைந்தது. அலுவலகத்திலிருந்து வரும் வழியில் திருநெல்வேலிச் சந்தையில் இறங்கி முருங்கையிலையோ வல்லாரையோ கத்தரிக்காயோ வாங்குவதற்கு 20 நிமிடம் வேண்டும். மாரியில் இலைக்கறி ஒரு நாளுக்கு மேல் தாங்காது, அழுகிவிடும். கடல் கொந்தளிப்பாக இருக்கும் கிழமைகளில் மீனின் வரத்துக் குறைந்து விலை ஏறும். அன்றன்று பார்த்து வாங்குபவரே இந்தப் பருவத்தில் நல்ல உணவு ஆக்க முடியும். ஓட வேண்டுமே என்ற பரபரப்பில் சந்தையைக் கடந்து போன நாட்களில், வீட்டில் பருப்பும் முட்டையும் மட்டுமே இருந்தன.

2024இல் ஓட்டத்தை விடியற்காலைக்கு மாற்றியபோது, பின்னேரம் முழுவதையும் அடுப்படிக்குத் திருப்பிக் கொடுத்தேன். 5 மணிக்கு அடுப்பு மூட்டினால் 6.30க்குள் சிவப்பரிசி மா இடியப்பமும் சொதியும் சம்பலும், அல்லது குரக்கன் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலை வறையும் ஆகிவிடும். 7 மணிக்கு ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். 9 மணிக்கு நான் படுத்துவிடுவேன். அந்த ஆண்டு நவம்பரில் கடைச் சாப்பாடு மூன்று இரவுகள்தான். அதிலும் இரண்டு, ஃபெங்கல் புயலோடு வந்த வெள்ளத்தில் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்கள். ஓடுபவனுக்கும் இதில் இலாபம் உண்டு. நீண்ட ஓட்டத்தில் கரைந்த மாச்சத்தைத் தசைகள் மீண்டும் சேமித்துக்கொள்வது, ஓடி முடித்த முதல் இரண்டு மணித்தியாலங்களில்தான் மிக விரைவாக நடக்கும். 5.45க்கு வீடு திரும்பி 6.30க்குச் சுடப் பிட்டும் அவித்த பயறும் வாழைப்பழமும் சாப்பிடுகிறவன் அந்த நேரத்தை வீட்டுச் சாப்பாட்டினாலேயே நிரப்பிவிடுகிறான்.

இங்கே ஒரு அநியாயம் நடக்க வாய்ப்பு இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டில் கணவன் விடியற்காலை ஓடப் போனால், காலைச் சாப்பாடும் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுப் பெட்டியும் முழுவதுமாக மனைவியின் தலையில் விழும். முதல் இரண்டு கிழமைகள் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. மனைவி வாய் திறந்து சொன்ன பிறகே எனக்கு விளங்கியது. அதன் பிறகு இரவே தேங்காய் துருவி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது, வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டுவது, வறுத்த மாவை அளந்து வைப்பது, பயறையோ கௌப்பியையோ ஊறப்போடுவது, தண்ணீர்ப் போத்தல்களைக் கழுவி நிரப்புவது ஆகிய எல்லாம் என் வேலையாகின. காலையில் மா குழைத்து நீத்துப்பெட்டியில் அவிப்பது மட்டுமே மனைவிக்கு மிச்சம். நான் வந்தவுடன் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கட்டிவிடுவேன். இரவில் இந்த 40 நிமிட வேலையைச் செய்ய மனம் இல்லாதவர், விடியற்காலை ஓட்டத்தைத் தெரிவுசெய்யக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை வழியாகக் காங்கேசன்துறைக்குப் போய்த் திரும்புவதே எனது வழமையான பாதை. விடியுமுன் 3.30க்குப் புறப்பட்டால் 7 மணிக்குள் வீட்டில் நிற்கலாம். ஞாயிறு முழுவதும் குடும்பத்துக்கு மிஞ்சும். மார்கழியில் இரண்டு ஞாயிறு மகளும் நானும் பாசையூருக்குப் போய் மீனும் நண்டும் இறாலும் வாங்கி வந்து, மரவள்ளிக்கிழங்கும் பயிற்றங்காயும் முருங்கையிலையும் பலாக்கொட்டையும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சினோம். நெடுந்தூரம் ஓடிய உடலுக்கு மாச்சத்தும் உப்பும் புரதமும் நீரும் ஒரே பாத்திரத்தில் சூடாகக் கிடைப்பதற்குக் கூழைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் அறியவில்லை. கூழ் குடிக்க அம்மா பனையோலையில் பிளா கோலித் தந்தார். முந்திய ஆண்டில் ஞாயிறு பின்னேரம் ஓடியபோது, மதியம் எவ்வளவு சாப்பிடலாம் என்ற கவலையிலேயே அந்த நாள் போய்விடும். மனைவியின் சகோதரி வீட்டு விருந்துக்குக்கூட நான் போகவில்லை.

உணவு பற்றி இன்னொரு எச்சரிக்கை. குரக்கன் பிட்டும் தவிட்டுச் சிவப்பரிசியும் அன்றாடத்துக்கு மிக நல்லவை. குரக்கனில் கல்சியமும், இரண்டிலும் நார்ச்சத்தும் நிறைந்திருக்கும். ஆனால் அந்த நார்ச்சத்தே நீண்ட ஓட்டத்துக்கு முந்திய இரவில் வயிற்றைக் கலக்கும். சனி இரவில் வெள்ளை மா இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும் போதும். ஓடப்போகும் முன் இரண்டு இதரை வாழைப்பழமும் ஒரு பிளேன்ரீயும். ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்கள் அந்த ஆறு நாட்களையும் இளைப்பாறும் கிழமையாக முன்கூட்டியே வகுத்துக்கொள்வது நல்லது. நான் பகல் உண்ணாமல் ஓடிப் பார்த்து, மூன்றாம் நாள் தலைசுற்றி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விடியற்காலை ஓட்டத்தின் ஆபத்துகள் மெய்யானவை. 4 மணிக்குத் தெருநாய்கள் கூட்டமாக நிற்கும். பிரதான வீதியை விட்டு ஒழுங்கைகளுக்குள் போகக் கூடாது, கையில் ஒரு சிறு தடியும் நெற்றியில் விளக்கும் வெளிச்சத்தில் மின்னும் மேலங்கியும் வேண்டும். வெள்ளம் நிற்கும் இடத்தில் குழி எது, வாய்க்கால் எது என்று இருட்டில் தெரியாது. அதைவிட முக்கியம் எலிக்காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து புண் வழியாகத் தொற்றும் அந்த நோய், 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவி உயிர்களைப் பறித்தது. சப்பாத்து உரசிக் கால் புண்பட்டிருப்பவர் தேங்கிய வெள்ளத்தில் இறங்கவே கூடாது; அந்தக் கிழமைகளில் நான் பாதையைச் சுருக்கி, தண்ணீர் நிற்காத வீதித் துண்டில் திரும்பத் திரும்ப ஓடினேன். நுளம்பு இரண்டு நேரங்களுக்கும் பொதுவானாலும், டெங்கு நுளம்பு பகல் வெளிச்சத்தில், அதுவும் காலையிலும் மாலை மங்கும் வேளையிலும் அதிகமாகக் கடிப்பது. முழு இருட்டில் ஓடி முடிப்பவருக்கு அதில் சிறு ஆறுதல் உண்டு.

திருவெம்பாவை வரும் பத்து நாட்களும் இந்த இருட்டே மாறிவிடும். சங்கும் சேமக்கலமும் ஒலிக்கப் பாடிக்கொண்டு வருபவர்கள் தெருவில் இருப்பார்கள். கோயில்கள் எல்லாம் விளக்கோடு விழித்திருக்கும். அந்த நாட்களில் நான் ஒருபோதும் தனியாக ஓடியதாக உணரவில்லை. சென்னை ஓட்டமும் விடியுமுன்னரே தொடங்குவது என்பதால், அந்த நேரத்தில் எழும்பவும் வயிற்றைப் பழக்கவும் கிடைத்த பயிற்சி ஓட்ட நாளில் கைகொடுத்தது. முதல் ஆண்டில் 4 மணி 52 நிமிடம் எடுத்தேன், இரண்டாம் ஆண்டில் 4 மணி 31 நிமிடம். இந்த 21 நிமிடத்தையும் விடியற்காலைக்கே வரவு வைக்க மாட்டேன். ஒரு மரதனை ஓடிய அனுபவமும், ஒழுங்கான இரவு உணவும் உறக்கமும் அதில் எவ்வளவு பங்கு வகித்தன என்று பிரித்துச் சொல்ல இரண்டு ஆண்டு அனுபவம் போதாது.

வேறு வீடுகளுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்திவிடவும் முடியாது. பின்னேரச் சமையலை மனமுவந்து பொறுப்பெடுக்க இன்னொருவர் இருக்கும் வீட்டில், அல்லது கைக்குழந்தை இரவில் பலமுறை எழுப்பும் வீட்டில், பின்னேர ஓட்டமே சரியாக இருக்கலாம். பெண்கள் 4 மணிக்குத் தனியாக வீதியில் ஓடுவது பற்றி நான் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றவன். என்னோடு பயிற்சி எடுக்கும் இரண்டு சகோதரிகள் விளையாட்டரங்கில் 5.30க்குப் பிறகே தொடங்குகிறார்கள், நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் ஒருவரின் கணவர் சைக்கிளில் கூட வருகிறார். உடற்பயிற்சி நிலையத்து ஓடுபொறியை ஒரு கிழமை மட்டும் பயன்படுத்தினேன். புயல் நாட்களுக்கு உதவும் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இந்த மாரிக்கு ஒரேயொரு மாற்றம் செய்திருக்கிறேன். புதன்கிழமைகளில் மகளுக்கு ரியூசன் இல்லை. அன்று பின்னேரம் அவளும் நானும் துரையப்பா அரங்குக்குப் போய், நான் 800 மீற்றர் ஓட்டங்களைச் செய்ய, அவள் நேரம் குறிப்பாள். புதன் இரவுக்குரிய குழம்பைச் செவ்வாய் பின்னேரமே கூட்டி வைத்துவிடுவேன்; வந்து இடியப்பம் மட்டும் அவித்தால் போதும்.