கோப்ரா நகல் கார்: ஃபைபரா, அலுமினியமா?

1965-இல் வந்த ஷெல்பி கோப்ரா 427 ஸ்போர்ட்ஸ் காரை அசல் மாதிரியே கட்ட வேண்டுமென்றால், முதல் கேள்வி பாடிதான்.

ஃபேக்டரி ஃபைவ் நிறுவனத்தின் கிட்டில் (நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பு) வருவது ஃபைபர், அதாவது கண்ணாடியிழை. விலை குறைவு. ஆனால் பாடியை வார்த்த அச்சின் துண்டுகள் சேர்ந்த இடத்துக் கோடுகளைப் பட்டி பார்த்து, தேய்த்துத் தேய்த்துத்தான் பெயின்ட் அடிக்க முடியும்.

கிர்க்கம் என்ற நிறுவனம் தருவது அலுமினியம், அசலும் அதேதான். சக்கர வளைவின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள், கம்பியைச் சுற்றி மடித்த விளிம்பு தட்டுப்படும். பெயின்டே இல்லாமல் பாலிஷ் மட்டும் போட்டால் அத்தனை அழகு! ஆனால் லேசாக இடித்தாலும் நசுங்கும், விலையும் பல மடங்கு.

பட்ஜெட் இருந்தால் அலுமினியம்தான், யோசிக்கவே வேண்டாம். இல்லையா, சரி, ஃபைபர் வாங்கி, மிச்சக் காசில் அசலில் இருந்த 15 அங்குலச் சக்கரங்களைப் போடுங்கள். 18 அங்குலம் போட்டால் தூரத்திலேயே நகல் என்று தெரிந்துவிடும்.