தை மாதச் சினைக்கு ஐந்து நட்சத்திரம், பங்குனிச் சினைக்கு இரண்டு

ஒஸ்லோவில் எங்கள் பக்கத்து மீன்கடையில் குளிர்காலம் முழுக்க ஸ்க்ரை கிடைக்கும். பாரென்ட்ஸ் கடலில் வளர்ந்து, முட்டையிட வட நோர்வேயின் லொஃபோட்டன் தீவுகள் பக்கம் இறங்கிவரும் காட் மீன்தான் அது. மீனில் குறையே இல்லை. ஈரலும் பழுதில்லை. நான் எழுத வந்தது சினையை, அதாவது அதன் முட்டைப் பையைப் பற்றி.

ஜனவரி கடைசியில் வாங்கியது அருமை. இரட்டைப் பை, தோல் எங்கும் கிழியவில்லை, அமத்தினால் இறுக்கம். கேக் சுடப் போடும் தாளில் சுற்றி, உப்புத் தண்ணீரில் கொதிக்க விடாமல் அரைமணி நேரம் வைத்து, ஆறியபின் வட்டமாக வெட்டினேன். ஒரு மணிகூட உதிரவில்லை. மிளகும் மஞ்சளும் பிரட்டிப் பொரித்ததும் கோப்பை காலி.

மார்ச் கடைசியில் அதே விலைக்குத் தந்தது வேறு சாமான். பை ஊதிப் பெருத்து, தொட்டால் தளதளவென்று இருந்தது. வெட்டினால் இளஞ்சிவப்பு மணிகளுக்கு நடுவே ஜவ்வரிசி போலக் கண்ணாடி முட்டைகள். தாளுக்குள் பாதி கரைந்தே போனது. கெட்ட மீன் என்று சொல்ல மாட்டேன், மணம் சுத்தமாகத்தான் இருந்தது. முட்டையிடும் நேரம் நெருங்கினால் முட்டை தண்ணீரை இழுத்துப் பெருத்துத் தெளியும். அப்படித் தண்ணீர் கோத்தால்தான் கடலில் மிதக்கும். நீரோட்டமும் அதை வடக்கே பாரென்ட்ஸ் கடல் பக்கம் கொண்டுபோகும். பெரிய பெண்மீன் பல மில்லியன் முட்டைகளைச் சில வாரங்களாகத் தவணை முறையில் விடுவதால், ஒரே பைக்குள் இறுகியதும் கரைவதும் கலந்து கிடக்கும்.

இது கடைக்காரருக்குத் தெரியாத விஷயமா? “ஏப்ரல் வரைக்கும் சினை வரும் அன்ரி” என்றான் அங்கே வேலைசெய்யும் தமிழ்ப் பொடியன். வரும்தான், என்ன பதத்தில் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிடித்து 12 மணி நேரத்துக்குள் பொதி செய்த மீன் என்பதற்கு ஸ்க்ரை முத்திரை இருக்கிறது, சினையின் பதத்துக்கு ஒன்றும் இல்லை. விலையையாவது குறைத்திருக்க வேண்டும்.

மிச்சத்தைப் பையிலிருந்து வழித்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தேன். தண்ணீர் வற்றியதும் அது நன்றாகவே வந்தது. பொரிக்கத்தான் வேண்டும் என்றால் தை, மாசியில் வாங்குங்கோ. பங்குனியில் பையை அமத்திப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.